பழைய மேப்பை வைத்துச் சுரங்க ஊர்களைத் தேடுவது எப்படி: பத்தாங் பெர்ஜுந்தை, பத்து ஆராங் பக்கத்து ஆட்களுக்கு

பத்தாங் பெர்ஜுந்தை டவுனிலிருந்து (மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கிறது, 2007-லிருந்து பலகையில் பெஸ்தாரி ஜெயா, ஆட்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்) எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் செம்பனை. அந்தச் செம்பனை நிற்கும் மண்ணில் முன்னே பால்மரம் (ரப்பர்) நின்றது, பால்மரத் தோட்டத்தின் எல்லையைத் தாண்டினால் ஈயக் கப்பல் (வெள்ளீயம் தோண்டும் மிதக்கும் இயந்திரம்) மிதந்தது, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பத்து ஆராங்கில் நிலக்கரியைத் தோண்டி ரயிலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு அங்கே போய் நின்றால் இதில் பாதி கண்ணுக்குத் தெரியாது. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்று தோட்டங்களின் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் முகம் மாறும், ஆனால் லயம் (தொழிலாளர் குடியிருந்த வீட்டு வரிசை) எங்கே இருந்தது என்று கேட்டால் கையை நீட்டி "அந்தாண்ட" என்பார்கள். அந்த "அந்தாண்ட"வை ஒரு புள்ளியாக்குவதற்குத்தான் பழைய மேப் வேண்டும்.

இது புதிதாக இறங்குபவர்களுக்கு எழுதுவது. வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை, கம்ப்யூட்டரில் பெரிய கெட்டிக்காரராக இருக்க வேண்டியதும் இல்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பழைய மேப்பால் பெரிய பிரயோஜனம் கிடையாது. ஒரே இடத்தின் இரண்டு வேறு வருடத்துத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலாவதில் இருந்து இரண்டாவதில் காணாமல் போனது என்ன, புதிதாக முளைத்தது என்ன என்று பார்ப்பதுதான் வேலையே. மற்றதெல்லாம் அதற்குச் செய்யும் ஏற்பாடு.

இடத்தைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள்

"சிலாங்கூர் சுரங்க வரலாறு" என்று ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் சலித்துப்போய் விட்டுவிடுவீர்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் போதும். அதற்குள் ஒரு சுரங்கம், ஒரு தோட்டம், ஓர் ஆறு, ஒரு சடக்கு (சாலை) இருந்தால் சரி. ஒரு கேள்வியையும் எழுதிவையுங்கள், "எங்கள் பாட்டி இருந்த லயத்துக்கும் ஈயக் குட்டைக்கும் எவ்வளவு தூரம்", "நிலக்கரி ரயில் எந்த வழியாகப் போனது" என்கிற மாதிரி. கேள்வி இல்லாமல் பழைய மேப்பைத் திறந்தால் அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருப்போம், இரவு பன்னிரண்டு மணி ஆகிவிடும்.

ஊரின் அடிப்படை வரலாற்றையும் கையோடு தெரிந்துகொள்ளுங்கள், எந்த வருடத்து மேப்பைத் தேடுவது என்பது அதில்தான் இருக்கிறது. பத்து ஆராங்கையே எடுத்துக்கொள்வோம். நிலக்கரி இருப்பது 1908-இல் தெரியவந்தது, மலாயன் காலியரிஸ் கம்பெனி 1913-இல் உருவானது, அதன் பின்னால் இருந்த முக்கியப் புள்ளி ஜே.ஏ. ரஸ்ஸல், 1915-லிருந்து கரி வெளியே வந்தது. ரயிலுக்கும் மின் நிலையத்துக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் அந்தக் கரிதான் போனது. 1937 மார்ச்சில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்து சுரங்கத்தையே தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள், அரசாங்கம் படையை அனுப்பி அடக்கியது. 1948 ஜூலையில் கம்யூனிஸ்டு கெரில்லாக்கள் தாக்கினார்கள். 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆக உங்களுக்கு வேண்டியது போருக்கு முந்திய தாள் ஒன்று, ஐம்பதுகளில் வந்த தாள் ஒன்று, மூடிய பிறகு வந்தது ஒன்று. மூன்றும் கிடைத்தால் அதிர்ஷ்டம். இரண்டு கிடைத்தாலே வேலையைத் தொடங்கிவிடலாம்.

மேப் எங்கே கிடைக்கும்

கோலாலம்பூரில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம், அதாவது ஆர்கிப் நெகாரா, முதல் இடம். போவதற்கு முன் அவர்களுடைய இணையப் பட்டியலில் தேடி, கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். கையை வீசிக்கொண்டு போய் "பழைய மேப் இருக்கா" என்று கேட்டால் பாதி நாள் போய்விடும். அடுத்தது ஜூப்பெம், நில அளவைத் துறை. அங்கே இப்போதைய மேப்புகளும் நிலத் துண்டுகளின் அளவைப் பிளான்களும் விலைக்குக் கிடைக்கின்றன, இணையக் கடையும் வைத்திருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: சில மேப்புகளில் "தெர்ஹாட்" என்று முத்திரை இருக்கும். அதை வாங்கவும் பயன்படுத்தவும் அனுமதி வேண்டும், ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப்பில் விடுவது வேண்டாத வம்பு.

வீட்டில் உட்கார்ந்தபடி தேட வேண்டுமானால் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் இணையப் பட்டியலிலும் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்திலும் மலாயா என்று போட்டுப் பாருங்கள். வெள்ளைக்காரன் வரைந்த தாள் அவன் போன ஊருக்கெல்லாம் போயிருக்கிறது.

மேப்போடு சேர்த்துப் பழைய செய்தித்தாளும் வேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம் இலவசம், அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளில் சுரங்கக் கம்பெனிகளின் ஆண்டுக் கூட்ட அறிக்கை முதல் விபத்துச் செய்தி வரை கிடைக்கும். தமிழ் முரசு இதழ்களும் அங்கே இருக்கின்றன. தமிழ் எழுத்தைக் கம்ப்யூட்டர் சரியாகப் படிக்காததால் தேடுபெட்டியை மட்டும் நம்பாமல் தேதி வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது நல்லது.

இன்னொரு வகை பலருக்கு ஞாபகம் வருவதே இல்லை, வான்படங்களும் செயற்கைக்கோள் படங்களும். அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்களை 1995-இல் வெளியிட்டார்கள், 1972-லிருந்து லேண்ட்சாட் படங்கள் இருக்கின்றன, இரண்டையும் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் எர்த்எக்ஸ்ப்ளோரர் தளத்தில் தேடலாம். நம் நாட்டில் மேகம்தான் எதிரி, நல்ல நாள் படம் ஒன்று மாட்டும்வரை பொறுமை வேண்டும்.

ஓரத்தில் இருப்பதை முதலில் படியுங்கள்

மேப் கிடைத்ததும் எல்லோரும் தங்கள் ஊரைத் தேடித்தான் ஓடுவார்கள். அது பிறகு. முதலில் தாளின் நான்கு ஓரத்தையும் படியுங்கள். அச்சிட்ட வருடம் ஒன்று இருக்கும், அளந்த வருடம் இன்னொன்று இருக்கும். இரண்டுக்கும் இடையே பத்து வருடம்கூட இருக்கலாம், உங்களுக்கு முக்கியம் அளந்த வருடம். 1950-களில் அச்சான ஒரு தாள் போருக்கு முந்திய அளவையை வைத்து வரைந்ததாக இருந்தால், அதில் தெரியும் லயம் அந்த வருடத்தில் நின்றதற்குச் சாட்சி ஆகாது.

பிறகு அளவுகோல். பழைய மலாயா தாள்களில் அதிகம் கிடைப்பது ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல், அதாவது 1:63,360. தாளில் ஒரு சென்டிமீட்டர் தரையில் ஏறக்குறைய 634 மீட்டர். எல்7010 என்ற வரிசை அந்த அளவில் வந்தது, அதற்குப் பிந்திய எல்7030 மெட்ரிக் முறையில் 1:50,000. ஒரு சதுர மைல் 640 ஏக்கர் என்பதால் அங்குல மேப்பில் ஒரு சதுர அங்குலம் 640 ஏக்கர், இதை மனப்பாடம் பண்ணிக்கொண்டால் தோட்டம் எவ்வளவு பெரியது என்பதை ரூலர் வைத்தே சொல்லிவிடலாம். நிலப் பிளான்களில் செயின், லிங்க் என்று வரும். ஒரு செயின் 66 அடி, அதில் 100 லிங்க், 80 செயின் ஒரு மைல், பத்து சதுர செயின் ஒரு ஏக்கர். கட்டக்கோடுகளையும் கவனியுங்கள், சில பழைய தாள்களில் அது கஜக் கணக்கு. ஆயிரம் கஜம் என்பது 914 மீட்டர்தான், கிலோமீட்டர் என்று நினைத்து நடந்தால் ஐந்தாவது கட்டத்திலேயே நானூறு மீட்டருக்கு மேல் பிசகும்.

பெயர்கள் விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் தேட வேண்டும். 1972 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் கம்போங், ஆயர், ஊலு. பிறகு கம்போங் கம்புங் ஆனது, ஆயர் ஆயிர் ஆனது, ஊலு ஹூலு ஆனது. உச்சரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் தேடுபெட்டியில் ஆங்கில எழுத்தில் தட்டும்போது ஓரெழுத்து மாறினால் ஒன்றும் வராது. ஊர்ப் பெயரே மாறியதும் உண்டு: குரோ பெங்காலான் ஹூலு ஆனது, தெலுக் ஆன்சன் தெலுக் இந்தான் ஆனது. தோட்டங்களுக்கோ மேப்பில் கம்பெனிப் பெயர், நம் ஆட்கள் வாயில் வேறு பெயர். கேட்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தாளையும் விரித்துவைத்து

சரி, இப்போது உண்மையான வேலை. ஒரு மேப்பை இடது பக்கம், அடுத்ததை வலது பக்கம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்காதீர்கள், ஒரு தடவை ஆற்றை மட்டும், அடுத்த தடவை ரயிலை மட்டும், அதற்கடுத்து வீடுகளை மட்டும்.

ஆறு எப்போதும் வளைந்து நெளிந்துதான் போகும். பழைய தாளில் நெளிந்த ஆறு புதிய தாளில் ரூலர் வைத்து இழுத்தமாதிரி நேராகப் போனால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஈயக் கம்பெனிகள் ஆற்றுப் படுகையில் வேலை செய்வதற்காக ஆற்றையே திருப்பிவிட்டிருக்கின்றன, தோட்டங்களும் வெள்ளத்துக்குப் பயந்து வெட்டிவிட்டிருக்கின்றன. பழைய வளைவு எங்கே இருந்ததோ அங்கேதான் இன்றும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும்.

குட்டைகளைப் பார்த்தால் எந்த முறையில் ஈயம் எடுத்தார்கள் என்பதையும் சொல்லலாம். ஈயக் கப்பல் தான் தோண்டிய குட்டையிலேயே மிதந்தபடி முன்னே தோண்டிக்கொண்டு, சலித்த மண்ணைப் பின்னால் கொட்டிக்கொண்டு நகரும். அதனால் அது போன வழி நீளமாக, குட்டையும் மணல் திட்டுமாகக் கலந்து கிடக்கும், ஓரங்கள் மட்டும் குத்தகை எல்லையோடு நேர்க்கோட்டில் வெட்டி நிற்கும். பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றி நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுதான், பெர்ஜுந்தை டின் டிரெட்ஜிங் கம்பெனியின் கப்பல்கள் வேலை செய்த நிலம். சீன தவ்கேமார்களின் (முதலாளிகளின்) பம்பு லம்பம், அதாவது பம்பு வைத்து வேலை செய்த ஈயச் சுரங்கம், வேறு மாதிரி. பீரங்கி மாதிரித் தண்ணீரைப் பாய்ச்சி மண்ணைக் கரைத்து, பம்பால் மேலே ஏற்றி, உயரமான மரப் பாலோங்கில் (சரிவான வாய்க்காலில்) ஓடவிட்டு ஈயத்தைப் பிரிப்பார்கள். அது விட்டுப்போவது தனித்தனி ஆழமான குழி, பக்கத்திலேயே வெள்ளை மணல் மேடு. ஈயக் கப்பல் எவ்வளவு பெரியது என்று புரியவேண்டுமானால் பேராக்கில் தஞ்சோங் துவாலாங் பக்கம் 1938-இல் கட்டிய டி.டி.5 கப்பலை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு மேப்பில் குட்டையைப் பார்க்கும் பார்வையே வேறு.

நிலக்கரி கொஞ்சம் சூதான விஷயம். திறந்தவெளிக் குழி மேப்பில் வரும். பூமிக்கடியில் போன சுரங்கம் இந்த மேப்பில் வரவே வராது, ஏனென்றால் அளவையர் நிலத்தின் மேலே இருந்ததைத்தான் வரைந்தார். அடியில் போன வழிகள் வேண்டுமானால் சுரங்கப் பிளான்களைத் தேட வேண்டும், அதற்குக் கனிம, நில அறிவியல் துறையைக் கேளுங்கள், ஈப்போவில் அவர்களுக்குப் பெரிய அலுவலகம் இருக்கிறது. மேப்பில் வெறும் ரப்பர்க் காடாகத் தெரியும் இடத்துக்கு அடியில் குடைந்திருக்கலாம் என்பதை மறக்கவே கூடாது. பத்து ஆராங்கில் உயரக் கட்டடம் எழுப்பத் தயங்குவதும் அதனால்தான்.

ரயில் பாதை. குவாங்கிலிருந்து பத்து ஆராங்குக்குப் பிரிந்த கிளைப் பாதை பழைய தாளில் கறுப்புக் கோடாகத் தெரியும், இன்றைய மேப்பில் கிடையாது. காணாமல் போன பாதைகள் எல்லாம் ஒரே காரணத்தால் போனவை அல்ல. பத்து ஆராங் கிளைக்கு வேலை கொடுத்தது கரி, கரி நின்றதும் அதற்கு வேலை இல்லை. மலாக்கா கிளைப் பாதையையும் கிழக்குக் கரைப் பாதையில் ஒரு பெரிய பகுதியையும் ஜப்பான்காரன் பெயர்த்துக்கொண்டு போனான், சயாம் மரண ரயிலுக்கு. நம் ஆட்களை எங்கே கொண்டுபோனார்களோ தண்டவாளத்தையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். ஆகவே 1941-க்கு முந்திய தாளில் இருந்து 1950-களின் தாளில் இல்லாத பாதை என்றால் முதல் சந்தேகம் போர்க்காலத்தின் மேல் விழட்டும்.

கடைசியாக வீடுகள், எனக்கு இதில்தான் நேரம் போவதே தெரியாது. அங்குல மேப்பில் ஒரு லயம் என்பது கடுகளவு கறுப்புக் கோடு. அதில் எத்தனை குடும்பம் என்று இருக்காது, யார் என்றும் இருக்காது. மேனேஜர் பங்களா மேட்டில் தனியாக ஒரு சதுரமாக நிற்கும், ஸ்டோர் பெரிய சதுரமாக ஆற்றோரத்தில் நிற்கும், லயங்கள் வரிசையாகத் தாழ்வில் கிடக்கும். கோயில் சில தாள்களில் உண்டு, பலவற்றில் இல்லை. அளவையருக்கும் கம்பெனிக்கும் தேவைப்பட்டதைத்தான் வரைந்தார்கள்.

இந்தக் கறுப்புக் கோடுகள் இரண்டு தாள்களுக்கு நடுவே இடம் மாறியிருந்தால் வருடத்தைப் பாருங்கள். 1948-இல் கம்யூனிஸ்டு கெரில்லாக்களுக்கு எதிராக அவசரகாலம் தொடங்கியது, 1950-இல் அவர்களிடமிருந்து மக்களைப் பிரித்துவைக்கும் பிரிக்ஸ் திட்டம் வந்தது, ஏறக்குறைய 5 லட்சம் பேரை எடுத்துப் புதுக் கிராமங்களில் வைத்தார்கள். தோட்டங்களிலும் தள்ளித் தள்ளிக் கிடந்த லயங்களை ஒரே இடமாகச் சேர்த்து முள்வேலி போட்டார்கள். அதனால் 1930-களின் தாளில் நான்கு டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) சிதறிக் கிடக்கும் லயங்கள் பிந்திய தாளில் ஒரே கொத்தாகத் தெரிவது சாதாரணம். அப்புறம் ஐம்பது, அறுபதுகளில் தோட்டத் துண்டாடல். பெரிய தோட்டங்களைச் சின்னச் சின்னதாக வெட்டி விற்றபோது மேப்பில் தோட்டத்தின் பெயரே மறைந்துபோகும். துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்குப் பின்னணி இதுதான். பெயர் இல்லை என்பதால் ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கம்ப்யூட்டரில் பொருத்துவது

எளிதான வழி கூகுள் எர்த் புரோ. இலவசம். அதில் இமேஜ் ஓவர்லே என்று ஒன்று இருக்கிறது, ஸ்கேன் பண்ணிய மேப்பை இன்றைய படத்தின் மேல் போட்டு, இழுத்துத் திருப்பிப் பொருத்தி, மேலே உள்ளதை மெல்ல மங்கலாக்கிப் பார்க்கலாம். தொடங்குவதற்கு இது போதும்.

துல்லியம் வேண்டும் என்றால் கியூஜிஐஎஸ், அதுவும் இலவசம். அதிலுள்ள ஜியோரெஃபரன்சரில் பழைய மேப்பின் ஒரு புள்ளியையும் இன்றைய மேப்பில் அதே புள்ளியையும் ஜோடி சேர்க்க வேண்டும். கணக்குக்குக் குறைந்தது மூன்று ஜோடி, ஆனால் எட்டு பத்து வைத்தால்தான் நம்பலாம், அதுவும் தாளின் நான்கு மூலைக்கும் பரவலாக. எதைப் புள்ளியாக எடுப்பது? ரயில் பாலம், பழைய சடக்குச் சந்தி, மலையுச்சியில் உள்ள அளவைக் கல், டவுனின் பழைய கடைவரிசை முனை. ஆற்று வளைவும் குட்டைக் கரையும் வேண்டவே வேண்டாம், அவை நகரும். முதல் தடவை பாலினோமியல் 1 என்ற பொருத்தத்தையே எடுங்கள், எந்தப் புள்ளி மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் இழுக்கிறது என்று பிழை எண்ணைப் பார்த்தால் தெரியும். தின் பிளேட் ஸ்பிளைன் என்று ஒரு வகை இருக்கிறது, அது எல்லாப் புள்ளிக்கும் வளைந்துகொடுத்துப் பிழையே இல்லாத மாதிரிக் காட்டும். தாள் மடிந்து சுருங்கிப் போயிருந்தால் மட்டும் அதற்குப் போங்கள். இலக்கு ஆள்கூற்று முறை என்று கேட்கும் இடத்தில் இபிஎஸ்ஜி 3375 என்ற எண்ணைக் கொடுத்தால் தீபகற்பத்துக்குச் சரியாக வரும்.

பலர் செய்யும் ஒரு குறுக்குவழி, பழைய தாளின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் அட்சரேகை தீர்க்கரேகை எண்ணை எடுத்து அப்படியே கூகுள் மேப்பில் தட்டுவது. வேண்டாம். 1948 கெர்த்தாவ் அளவை முறை வேறு, இன்றைய ஜிபிஎஸ் முறை வேறு, நம் பக்கத்தில் இரண்டுக்கும் கிழக்கு மேற்காக மட்டும் ஏறக்குறைய 150 மீட்டர் வித்தியாசம் வரும். செம்பனைக்குள் 150 மீட்டர் என்பது பக்கத்து டிவிஷன்.

பொருத்தி முடித்ததை ஜியோடிஃப் (இடக்குறிப்பும் சேர்ந்த படம்) கோப்பாக எடுத்து கைப்பேசியில் அவென்சா மேப்ஸ் போன்ற செயலியில் போட்டுக்கொண்டால், காட்டில் லைன் இல்லாவிட்டாலும் பழைய மேப்பின் மேல் நீங்கள் நிற்கும் இடம் நீலப் புள்ளியாகத் தெரியும்.

போவதற்கு முன் ஒரு பெரியவரைப் பாருங்கள்

மேப்பை நீட்டி "தாத்தா, உங்க லயம் எங்கே காட்டுங்க" என்றால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. மேலிருந்து பார்க்கும் படத்தில் அவர் வாழவில்லை. பெரிதாகப் பிரிண்ட் எடுத்து மேசையில் விரியுங்கள், மேப்பின் வடக்கை நிஜ வடக்குப் பார்த்துத் திருப்பிவையுங்கள் (நம் நாட்டில் காந்த வடக்குக்கும் மேப் வடக்குக்கும் வித்தியாசம் மிகச் சிறிது, கைப்பேசித் திசைகாட்டி போதும்). அப்புறம் அவர் காலால் நடந்த வழியைக் கேளுங்கள். "பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) முடிஞ்சு எந்தப் பக்கம் நடப்பீங்க?" "கள்ளுக்கடை சோத்தாங்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?" "ஸ்டோர் சங்கு லயத்துக்குக் கேக்குமா?" "ஆயாக் கொட்டகைக்குப் போக ஆத்தைத் தாண்டணுமா?" இப்படிப் போனால் பத்து நிமிடத்தில் அவர் விரல் தானாகவே தாளில் நகரத் தொடங்கும். சில நேரம் "தம்பி, இந்த மேப்பு தப்பு, கோயில் ஆத்துக்கு அந்தாண்ட" என்பார். வாதாடாதீர்கள், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவையர் தவறவிட்டிருக்கலாம், கோயிலை நடுவில் இடம் மாற்றியிருக்கலாம், பெரியவருக்கு வேறு டிவிஷன் ஞாபகம் வந்திருக்கலாம். பாட்டிமார்களையும் தனியாகக் கேளுங்கள். தண்ணீர்க் குழாய், துணி துவைத்த கல், விறகு பொறுக்கிய காடு இதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும், ஆண்களிடம் கேட்டால் கள்ளுக்கடையும் பந்துத் திடலும்தான் வரும்.

இடத்துக்குப் போவது

முதலில் அனுமதி. தோட்ட ஆபீசில் போய் யார், எதற்கு என்று சொல்லி ஒரு கடிதம் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள், இல்லாவிட்டால் செக்யூரிட்டி உங்களைக் காய் திருட வந்தவன் என்றுதான் நினைப்பார். இப்போது தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசி, இந்தோனேசியத் தொழிலாளர்களிடமும் பேசுங்கள், எந்தச் சடக்கு மழைக்கு மூழ்கும், எங்கே பழைய சிமெண்டு கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

லயம் இருந்த இடத்தை மரம் காட்டிக்கொடுக்கும். செம்பனைக்கு நடுவே ஒரு மாமரம், முருங்கை, கறிவேப்பிலைக் கன்றுகள், வேப்பமரம் என்று ஒன்றாகத் தெரிந்தால் அங்கே நம் ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கறிவேப்பிலை வேரிலிருந்து முளைத்துக்கொண்டே போகும், வீடு போனாலும் அது போகாது. அதைச் சுற்றித் தரையைப் பாருங்கள், சிமெண்டு வாசல்படி, தண்ணீர்க் குழாய்த் திட்டு, சாக்கடையின் வளைந்த ஓரம் ஏதாவது இருக்கும். தோட்டத்துக்குள் தனியாக நிற்கும் முனியாண்டி கோயில் இன்னும் நல்ல அடையாளம், லயத்தை இடித்தவர்கள் பெரும்பாலும் அதன்மேல் கை வைக்கத் தயங்கினார்கள். பழைய ரயில் பாதையை நடந்தே கண்டுபிடிக்கலாம்: மேட்டில் ஏறாது, பள்ளத்தில் இறங்காது, மேடு வந்தால் வெட்டியிருக்கும், பள்ளம் வந்தால் மண் போட்டு உயர்த்தியிருக்கும், திருப்பம் ரொம்ப மெல்லத் திரும்பும். தோட்டச் சடக்கு ஒன்று காரணமே இல்லாமல் சமமாகப் போனால் மேப்பைத் திறந்து பாருங்கள்.

ஆபத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். ஈயக் குட்டையின் கரை இறுகிய மண் அல்ல, சலித்துக் கொட்டிய மணல், ஓரத்தில் நின்றால் காலோடு சரியும், உள்ளே இரண்டு எட்டில் ஆழம். சேற்றுக் குட்டை காய்ந்து மேலே பொருக்குத் தட்டியிருக்கும், ஆள் ஏறினால் உடைந்து இடுப்புவரை இழுக்கும். மீன் பிடிக்க வந்தவர் நடந்தாரே என்று நீங்கள் நடக்காதீர்கள், அவருக்கு அந்த இடம் பழக்கம். நிலக்கரி பக்கம் போனால் குகை, சுரங்க வாய் எதற்குள்ளும் தலையைக்கூட நீட்ட வேண்டாம், உள்ளே பிராண வாயு குறைவாக இருக்கலாம், விஷ வாயு இருக்கலாம், மூக்குக்குத் தெரியாது. நிலம் திடீரென்று குழிந்திருந்தாலோ வட்டமாகப் புதர் மண்டிக் கிடந்தாலோ சுற்றிப் போங்கள். செம்பனையில் எலி அதிகம், எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும், முழங்கால்வரை பூட்ஸ் போடுங்கள். காலில் காயத்தோடு தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக் காய்ச்சல் விளையாட்டில்லை. தனியாகப் போகாதீர்கள். மாலை ஐந்துக்கு வெளியே வந்துவிடுங்கள்.

தோண்டாதீர்கள், எடுத்துக்கொண்டும் வராதீர்கள். 2005 தேசிய மரபுடைமைச் சட்டப்படி பழம்பொருள் கிடைத்தால் அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். செங்கல்லில் முத்திரை இருந்தால் பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்கு வைத்துப் படம் எடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே விடுங்கள்.

எழுதிவைப்பது

வந்த அன்றே எழுதுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று தலைப்பு போதும்: மேப்பில் இருப்பது (எந்தத் தாள், எந்த வருடம்), கண்ணால் பார்த்தது, ஆள் சொன்னது. இந்த மூன்றையும் கலந்து ஒரே வாக்கியமாக எழுதினால் இரண்டு வருடம் கழித்து உங்களுக்கே எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பெரியவர் பெயரைப் போடுவதற்கு முன் அவரைக் கேளுங்கள். கண்டுபிடித்த ரயில் பாதை, பழைய தோட்டப் பெயர் இவற்றை ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப்பில் சேர்க்கலாம், யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து வரையலாம். ஆனால் மேப்பை அப்படியே நகலெடுக்க உரிமை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திறந்து கிடக்கும் சுரங்க வாயின் இடத்தை மட்டும் இணையத்தில் போடாதீர்கள், பள்ளிக்கூடப் பையன்கள் மறுநாளே போய் நிற்பார்கள், அதை மாவட்ட நில அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

தோட்டத்தை விட்டுப் போனவர்கள் கிள்ளான், பூச்சோங், ரவாங் என்று எங்கெங்கோ இருக்கிறார்கள், ஆனால் கோயில் திருவிழாவுக்குப் பாதிப் பேராவது வந்துவிடுவார்கள். கமிட்டியிடம் கேட்டு, பொருத்திய மேப்பை முடிந்த அளவு பெரிதாகப் பிரிண்ட் எடுத்து அன்னதானப் பந்தலில் கண் உயரத்துக்கு ஒட்டிவிடுங்கள், பக்கத்தில் நூலில் கட்டி நான்கைந்து பென்சில் தொங்கட்டும். அவரவர் லயத்தை அவரவரே குறிப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்து எழுதுவார்கள், சண்டையும் போட்டுக்கொள்வார்கள். லேமினேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள், பென்சில் எழுதாது.